இரண்டு மணி நேரக் காவல்

அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளம்மா, நான் உட்காருகிறேன். வேண்டாம், வேண்டாம், ஜன்னலோரம் நீயே இரு. உள்ளே போய் மாட்டிக்கொண்டால் எனக்கு இறங்கும்போது பிந்திவிடும். இந்த வண்டி சுரங்கத்துப் புது ஷாப்ட் கேட்டில் நிற்கும்தானே? நிற்கும் என்று கண்டக்டர் சொன்னான். அவன் சொன்ன வேகத்தைப் பார்த்து டிரைவரையும் கேட்டேன். அவனும் நிற்கும் என்றான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீயும் அங்கேதான் இறங்குகிறாயா? தலையை ஆட்டுகிறாய். சரி, நல்லதாய்ப் போயிற்று. கையில் பைலும் பேனாவும் இருப்பதைப் பார்த்தால் கேட்டுக்கு எதிரே இருக்கிற பேங்கில் வேலை போலிருக்கிறது. அதற்கும் தலையாட்டுகிறாய். கண் இப்படிச் சிவந்திருக்கிறதே, ஜலதோஷமா? தொண்டையும் கட்டியிருக்கும். பேசாதே. பேசினால் இன்னும் கட்டும். நான் பேசுகிறேன், நீ கேட்டுக்கொண்டு வா. பேசாமல் வந்தால் எனக்கு வழி தீராது.

பதினொரு மணிக்கு அங்கே விசாரணை. என் வீட்டுக்காரருக்கு. இருபத்திரண்டு வருஷ வேலை, அது இருக்கிறதா போகிறதா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். வேலை போனால் பழைய லைனில் நாங்கள் இருக்கிற கம்பெனி வீட்டையும் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவர் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீ வராத அமலோற்பவம். வந்தாலும் வாயத் திறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். வராதே என்று சொன்னதால்தான் வருகிறேன். ஒரு புருஷன் பெண்டாட்டியை ஓர் இடத்துக்கு வராதே என்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. இல்லையா, நீயே சொல். சொல்லாதே, தொண்டை.

அவருக்குச் சுரங்கத்தில் என்ன வேலை தெரியுமா? உட்கார்ந்திருக்கிற வேலை. சிரிக்காதே, நிஜமாகத்தான். தங்கச் சுரங்கம் என்றால் எல்லோரும் பாறையை உடைப்பதைத்தான் நினைப்பார்கள். அவரும் முன்பு அதுதான் செய்தார். முழங்கால் கெட்ட பிறகு நான்கு வருஷமாக அவரைக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள். கீழே எங்கேயாவது இரும்பை வெல்டிங் வைப்பார்கள், இல்லை கேஸ் வைத்து அறுப்பார்கள். அறுக்கிறபோது பொறி பறக்கும். சுரங்கத்துக்குள் பழைய மரமாக முட்டுக் கொடுத்திருப்பார்கள். நூறு வருஷத்து மரம், எண்ணெய் குடித்த மரம். ஒரு பொறி போய் இடுக்கில் உட்கார்ந்துகொண்டால் அப்போது ஒன்றும் தெரியாதாம். ஒரு மணி நேரம் கழித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அது கண் விழிக்குமாம். அதனால் வெல்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஓர் ஆள் அங்கேயே இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். மரத்தை நனைக்க வேண்டும். ஒவ்வொரு இடுக்காகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாற்று ஆள் வராமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இரண்டு மணி நேரம் ஆனதும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே வரலாம்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் என்ன கேட்டிருப்பேன்? நீயாக இருந்தால் என்ன கேட்டிருப்பாய்? எரியாத நெருப்புக்குக் காவல் உட்காருகிற ஆளுக்கு எந்த முதலாளி சம்பளம் கொடுப்பான்? நான் ஆறாவதோடு நின்றவள்தான். ஆனால் இதை நம்புகிற அளவுக்கு மக்கு இல்லை.

முதல் ஷிப்ட் என்றால் காலை ஆறுக்குப் போய் மதியம் இரண்டுக்கு வர வேண்டும். எங்கள் லைனில் எல்லா ஆம்பிளைகளும் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பார்கள். இவர் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து மணிக்கு வருவார். கேட்டால் காவல். எங்கே என்று கேட்டால் ஒன்பதாம் லெவல். யார் கூட என்று கேட்டால் யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள் என்றால், "மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பார். அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

வீட்டிலும் அவர் நடப்பு ஒரு மாதிரிதான். மண்ணெண்ணெய் துடைத்த துணியை நான் மூலையில் போட்டுவைத்தால் எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொடியில் விரித்துப் போடுவார். சுருட்டி வைத்தால் தானாகச் சூடு ஏறுமாம். எந்தத் துணியாவது தானாகச் சூடு ஏறுமா? அடுப்பை அணைத்து நான் படுத்த பிறகும் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருப்பார். படுக்க வாங்க என்றால், இரு, சாம்பல் ஆறட்டும் என்பார். பெண்டாட்டி பக்கத்தில் வராமலிருக்க இப்படியெல்லாம் ஒரு சாக்கு.

இன்னொன்று சொல்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைப்பார். வைக்கிறவர் உள்ளங்கையை வைக்க வேண்டாமா? புறங்கையை வைப்பார். நெற்றிக்கு மட்டுமில்லை. கதவு, சுவர், அரிசி டின் எல்லாவற்றையும் போகிறபோக்கில் புறங்கையால் ஒரு தடவு. ஒருநாள் கேட்டேவிட்டேன், உள்ளங்கையால் தொட்டால் நான் தேய்ந்துபோவேனா என்று. "உள்ளங்கை காய்ச்சுப்போச்சு, சூடு தெரியாது. புறங்கைக்குத்தான் தெரியும்" என்றார். பதில் எப்போதும் கையிலேயே இருக்கும் அவரிடம். அதுதான் எனக்குப் பயம். யோசித்துச் சொல்கிறவரை நம்பலாம்.

ஜன்னலை நன்றாகத் திறந்துவை. உனக்கு வியர்க்கிறது.

ஒருநாள் வீட்டுக்குள் நுழைகிறார், ஒரு நாற்றம். அழுகிப்போன முட்டைக்கோஸை மூட்டையோடு தலையில் கவிழ்த்த மாதிரி. எந்தச் சாராயத்துக்கு இந்த வாசம் என்று கேட்டேன். அதற்கும் ஒரு கதை. கீழே நெருப்புப் பிடித்துவிட்டால் எல்லோரையும் எப்படிக் கூப்பிடுவது? மெஷின் சத்தத்தில் மணி கேட்காது. இருட்டில் கொடி தெரியாது. அதனால் மேலே இருந்து காற்றுக் குழாயில் அந்த நாற்றத்தைக் கலந்துவிடுவார்களாம். மெஷின் ஓடுகிற இடத்துக்கெல்லாம் காற்றுப் போகும், காற்றோடு நாற்றமும் போகும். மூக்கில் பட்டதும் போட்டதைப் போட்டபடி வந்துவிட வேண்டும். அன்றைக்கு ஒத்திகையாம். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் போய், உன் புருஷன் மேலும் நாறுகிறதா என்று கேட்டேன். நாறுகிறது என்றாள். சரி, இரண்டு பேரும் சேர்ந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பூர்ணத்தின் புருஷன் தங்கவேலு இவரோடு ஒரே ஷிப்ட். கீழே இறங்குவதும் ஒன்றாக, சாப்பிடுவதும் ஒன்றாக. எனக்கு முதலில் பிடி கொடுத்ததே இவர் டிபன் பாக்ஸ்தான். கழுவ எடுக்கிறேன், நாரத்தங்காய் ஊறுகாய் வாசம். எங்கள் வீட்டில் நாரத்தங்காய் வாங்குவதே இல்லை. எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. அப்படியானால் யார் வீட்டு ஊறுகாய் அது? நேரே கொல்லைப்பக்கம் போய்ச் சம்பூர்ணத்திடம் சொல்லி அழுதேன். அவள் பாவம், முறம் நிறைய நாரத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அப்படியே வைத்துவிட்டு வந்து என்னைத் தேற்றினாள். அவளுக்கு இருக்கிற நல்ல மனசு யாருக்கு வரும். ஆனாலும் அவளும் எதையோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றியது.

சரி, போன்காரி விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் வர நேரமானால் நான் ஷாப்ட் ஆபீசுக்குப் போன் போடுவேன். கீழே செல்போன் எடுக்காது. மேலே ஆபீசில்தான் போன், அங்கேயிருந்து கீழே ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு போன் உண்டு. முன்பு ஒரு கிழவர் எடுப்பார். என்ன கேட்டாலும் தெரியாது என்பார், நம்பிக்கையாக இருக்கும். போன வருஷம் அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். டவுனிலிருந்து கான்டிராக்டில் வந்தவள். பெயர் கீர்த்தனா. குரல் தேன் மாதிரி. நான் அவர் பெயரைச் சொன்னதுமே, "இன்னாசி அண்ணனா? வாட்ச்ல இருக்காருக்கா. இன்னும் ஒன்றரை மணி நேரம்" என்றாள்.

கவனித்தாயா? ஒன்றரை மணி நேரம். என் புருஷன் இன்னும் எத்தனை நிமிஷத்தில் எழுந்திருப்பார் என்று கட்டின எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிகிறது. அப்புறம் அந்த அண்ணன். எங்கள் லைனில் எத்தனை அண்ணன்கள் எங்கே போய் முடிந்திருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

தங்கவேலுவிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் கள்ளம் தெரியாத மனுஷன், கொட்டிவிட்டார். காவலில் இருக்கிறவர் அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் மேலே போன் செய்ய வேண்டுமாம். நலமாக இருக்கிறது, புகை இல்லை, சூடு இல்லை என்று சொல்ல வேண்டுமாம். அவள் அதை நோட்டில் நேரம் போட்டு எழுதிக்கொள்வாளாம். போன் வரவில்லை என்றால் அவளே கூப்பிட வேண்டுமாம். அரை மணி நேரத்துக்கு ஒரு தரம்! கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் அரை நாளுக்கு ஒரு தரம் அவர் பேசியதில்லை. அங்கே மட்டும் புகை இல்லை, சூடு இல்லை.

நீ ஏன் பைலை அப்படி நெரிக்கிறாய்? மடங்கிவிடப்போகிறது.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சம்பூர்ணத்திடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வதற்கு என்ன, நீ பேங்க்காரி, இறங்கினால் நீ யாரோ நான் யாரோ.

ஒரு வியாழக்கிழமை. அந்த வாரத்தில் அது மூன்றாவது காவல். எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பி, வண்டி ஏறி, கேட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போய் நின்றேன். மணி இரண்டே முக்கால். நான் போட்ட கணக்கு என்ன என்றால், ஒன்பதாம் லெவலில் அவர் இருக்கிற இடத்திலிருந்து ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு நடந்து வந்து, கூண்டில் ஏறி, மேலே வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இது தங்கவேலு சொன்னது. உள்ளே ஆபீசில் அவளோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்றால் ஐந்து நிமிஷத்தில் வெளியே வருவார். கூண்டுப் பக்கமிருந்தும் வரமாட்டார், ஆபீஸ் பக்கமிருந்து வருவார். அப்படியானால் அவரை அவசரமாக வெளியே வரவைக்க வேண்டும். எதற்கு அவசரமாக வருவார்?

முந்தானையை வாயில் வைத்துக் குரலை மாற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பேசுகிறேன், அமலோற்பவம் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி, பேச்சு மூச்சு இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், அவள் புருஷனை உடனே வரச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரிக்கா? யாராவது கூட இருக்கீங்களா?" என்றாள். எவன் பெண்டாட்டியோ விழுந்தால் இவளுக்கு என்ன பதற்றம்? அதையும் மனசில் குறித்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டுக் கடைக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஆபீஸ் வாசலில் யாரும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஒரு கோபம். ஏன் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினெட்டாவது நிமிஷம் கூண்டுப் பக்கமிருந்து வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் கரி, சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது. தலையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பட்டப்பகலில். பதினெட்டு நிமிஷம்தான். தங்கவேலு சொன்னதற்கு ஏழு நிமிஷம் குறைகிறது. அந்த ஏழு நிமிஷத்தை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடி வந்தால் குறையும் என்கிறார் தங்கவேலு. இருக்கலாம்.

கேட்டைத் தாண்டியதும் என்னைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, "விழுந்துட்டியாமே, எங்க அடி?" என்றார். கேட்டுக்கொண்டே புறங்கையால் என் தலையைச் சுற்றித் தடவினார். பின்மண்டை, காது, நெற்றி. ஈரமாக இருந்தது அவர் கை. ரத்தம் எங்கே என்று தேடினார். கை அப்படியே நின்றுபோயிற்று. என் சேலையைப் பார்த்தார், காலில் செருப்பைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திரும்பிக் கூண்டைப் பார்த்து ஓடினார்.

கூண்டில் ஏற விடவில்லை. ஒவ்வொருவரும் கீழே இறங்கும்போது ஒரு பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். பலகையில் எத்தனை ஆணி காலியாக இருக்கிறதோ அத்தனை பேர் கீழே என்று அர்த்தம். இவர் டோக்கனை மாட்டிவிட்டு வந்துவிட்டார். மாட்டின ஆள் போர்மேன் சொல்லாமல் மறுபடி இறங்க முடியாது. அவர் அங்கே கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நாற்றம் வந்தது.

அதே நாற்றம். அழுகின முட்டைக்கோஸ். இந்தத் தடவை ஒத்திகை இல்லை. மாற்று ஆள் கீழே போய்ச் சேர்ந்தபோது வெல்டிங் வைத்த இரும்புத் தகட்டுக்குப் பின்னால் மரம் புகைந்துகொண்டிருந்ததாம். தண்ணீரை ஊற்றியும் பிடிபடவில்லை. காவல்காரர் விட்டுப்போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் இருந்திருந்தால் தகடு சுட்டதுமே புறங்கைக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் எனக்கு... சரி விடு. அது உண்மையாகத்தான் இருக்கும்.

அறுபத்துநான்கு பேர் கீழே. கூண்டு ஏறி ஏறி வருகிறது. வருகிறவர்கள் எல்லோர் மேலும் அந்த நாற்றம். லைனிலிருந்து பெண்கள் கிடைத்த வண்டியில் ஏறி வந்துவிட்டார்கள். சம்பூர்ணம் தலைகூட முடியாமல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓவர்டைம் என்று கீழே தங்கிய தங்கவேலு இன்னும் வரவில்லை. என் புருஷன் மேலே நிற்கிறார், அவள் புருஷன் கீழே இருக்கிறார், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகவும் சேர்த்து ஜெபம் சொல்கிறாள். அவளுக்கு ஜெபமே தெரியாது. எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. நான் அவள் கையை உதற முடியாமல் நின்றேன். இவர் பலகைக்கு எதிரே அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசி டோக்கன் மாட்டுகிறவரை நின்றார். யாரும் சாகவில்லை. ஓர் ஆள் மட்டும் புகையைக் குடித்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். நெருப்பு மூன்று நாள் எரிந்தது. ஒன்பதாம் லெவலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் விசாரணை. நோட்டைப் பார்த்தார்கள். போன்காரி எழுதிவைத்திருக்கிறாள், இத்தனை மணிக்கு வீட்டிலிருந்து போன், மனைவிக்குத் தலையில் அடி, மாற்று ஆள் வரும்வரை இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை, போர்மேனுக்கு உடனே சொன்னேன் என்று. ஆபீசர் ஆஸ்பத்திரியில் விசாரித்தார். அப்படி யாரும் வரவில்லை. சம்பூர்ணத்தைக் கேட்டார். நான் போன் பண்ணவில்லை என்றாள். இவரைக் கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? போனே வரவில்லை, வயிற்று வலி, நானாகத்தான் மேலே வந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பார்த்தாயா? என் பெண்டாட்டி பொய்ப் போன் போட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் மேல் பாதிப் பழிதான். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நான் ராத்திரி பகலாக யோசித்தேன். குற்றம் உள்ளவன்தான் அடுத்தவர் குற்றத்தை மறைப்பான். நான் ஏன் போன் போட்டேன் என்று ஆபீசர் கேட்டால் அவர் எதைச் சொல்ல வேண்டிவரும்? அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதற்குத்தான் பயந்திருக்கிறார். என்னிடம் என்ன சொன்னார் என்றால், "அறுபத்துநாலு உசுரு. உன் பேர் வந்தா போலீஸ் கேஸ் ஆயிடும். நீ தாங்கமாட்ட" என்றார். எனக்காகவாம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. இவர் போனே வரவில்லை என்று எழுதியதால் அந்தப் பெண்ணின் நோட்டு பொய் நோட்டு ஆகிவிட்டது. காவல்காரனைக் காப்பாற்ற நோட்டில் கதை எழுதினாள் என்று அவளையும் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் விசாரணை. அவளைக் காப்பாற்ற நினைக்கிறவர் அவளை இப்படி மாட்டிவிடுவாரா? மாட்டிவிடுவாரா, நீயே சொல். இந்த இடத்துக்கு வந்தால் என் கணக்கு நின்றுவிடுகிறது. அவர் யாரைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்?

போன வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டி, "அக்கா, இருக்கீங்களா? ஒரு நிமிஷம் பேசணுங்கா" என்றாள். நான் திறக்கவில்லை. தாழ்ப்பாள் ஓட்டை வழியாகப் பார்த்தேன். துப்பட்டாவும் குடையும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. ரொம்ப நேரம் நின்றாள். திறந்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தானே அக்கா பேசினது என்று கேட்பாள். அவள் காது லேசுப்பட்டதில்லை, நாள் முழுக்கக் குரலையே கேட்கிறவள். முந்தானை வைத்தால் தெரியாதா என்ன?

இவர் இப்போதும் சாயங்காலம் அடுப்பை அணைத்த பிறகு உட்கார்ந்திருக்கிறார். வேலையே இல்லாத ஆள், யாருக்குக் காவல் இருக்கிறார்? நேற்று நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், அணைந்த அடுப்புப் பக்கத்தில் புறங்கையை நீட்டி வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர். புகை என்றார். அணைந்து ஒரு மணி நேரமான அடுப்பில் என்ன புகை?

அதைப் பார்த்த பிறகுதான் இன்றைக்கு வருவது என்று முடிவு பண்ணினேன். உள்ளே போய், போன் போட்டது நான்தான், அந்தப் பெண் எழுதினது எழுத்துக்கு எழுத்து நிஜம் என்று சொல்லிவிடப்போகிறேன். இதைக் கேட்டு என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடாதே. அவருக்காகவும் இல்லை, அவளுக்காகவும் இல்லை. நான் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், இருந்ததா இல்லையா என்று. போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன். அணைத்தேனா? அணைத்தேன். தொட்டும் பார்த்தேன். புறங்கையால்தான். அப்போதே மணி ஒன்பதாகிவிட்டது.

ஏன் அழுகிறாய்? ஜலதோஷம் என்றல்லவா நினைத்தேன்.

என்னது?

இன்னொரு தடவை சொல். "இறங்குங்கக்கா, நம்ம கேட் வந்துடுச்சு." சரி, இப்போது ஒன்றரை மணி நேரம் என்று சொல். இன்னும் ஒன்றரை மணி நேரம் அக்கா என்று சொல்.

நீயா.

லைனிலிருந்து இவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் வந்தாயே. முதல் வார்த்தையிலேயே என் குரல் உனக்குத் தெரிந்திருக்கும். முந்தானை வைத்தாலே கண்டுபிடிக்கிறவள். நான்தான் பேங்க் என்றேன், நீயும் சரி என்று தலையாட்டினாய். நான் எல்லாவற்றையும் சொன்னேனே. நாரத்தங்காயைக்கூடச் சொன்னேனே.

இருப்பா, விசில் கொடுக்காதே, இறங்குகிறோம். மெதுவாக. அந்தப் பைலைக் கொடு இப்படி, நான் பிடித்துக்கொள்கிறேன், நீ கம்பியைப் பிடி. இதில் இருப்பது அந்த நோட்டின் நகலா? கனமாக இருக்கிறது. என் பெயரும் இதில் இருக்கும், இல்லை? பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் இருக்கும்.

இப்போது உன் முகத்தைப் பார்க்கிறேன். திருப்பிக்கொள்ளாதே, இப்படிக் காட்டு. இவ்வளவு சின்னப் பெண்ணா நீ? இந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. வீட்டில் யார் இருக்கிறார்கள் உனக்கு? சரி, அப்புறம் சொல். அக்கா என்றே கூப்பிடு, பரவாயில்லை. ஆனால் அவர் எதிரே அண்ணன் என்று கூப்பிடாதே. ஒரு நாளைக்கு மட்டும்.

அதோ, ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் பார். தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நம்மைப் பார்த்துவிட்டார். எழுந்து நிற்கிறார். யாரைப் பார்த்து எழுந்தார், உன்னையா, என்னையா?

நீ முன்னால் நட. நான் பின்னாலேயே வருகிறேன். என்ன திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய், நான் ஓடிவிடமாட்டேன். நின்றுவிடாதே அம்மா, நட. நீ நின்றால் நானும் நின்றுவிடுவேன்.